சூ மக்களின் மரச்சிற்பம் வாங்குவதற்கு முன்: பொதிந்து வைத்த உருவமும் ஆடிக் காட்டிய உருவமும்

சூ என்போர் வட அமெரிக்கப் பூர்வகுடியினர்; லக்கோட்டாக்கள் அவர்களில் ஒரு பிரிவு. 'சூ ஆவி உருவம்', 'லக்கோட்டா ஸ்பிரிட் கார்விங்' என்ற பெயர்களில் அமெரிக்க ஏலப் பட்டியல்களிலும் இணையக் கடைகளிலும் மரச்சிற்பங்கள் விற்பனைக்கு வருகின்றன. அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல பொருள்கள் இருக்கின்றன. மருந்து நடனம் என்ற குணமாக்கும் சடங்குக்கு உரிய மரவாசி (மரத்தில் வாழும் ஆவி) உருவம் ஒன்று. விருந்துக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தலை ஒன்று. போரில் மாண்ட குதிரைக்காகச் செதுக்கிய நடனக் கோல், பறவைத் தலையோடு முடியும் காதல் குழல் ஆகியவை வேறு. இவற்றோடு, சூ மக்களின் கை படாத தொழிற்சாலைச் சரக்கும் அதே பெயரில் விலைபோகிறது. எதை வாங்கலாம், எதற்குப் பணம் கொடுக்கவே கூடாது என்பதை விலையோ பழமையோ முடிவு செய்யாது. அந்த உருவம் ஊர் பார்க்கச் செய்யப்பட்டதா, பொதிந்து வைக்கச் செய்யப்பட்டதா என்ற கேள்விதான் முடிவு செய்யும்.

இதற்குக் காரணம் அவர்கள் நம்பிக்கையிலேயே இருக்கிறது. 1896 முதல் 1914 வரை தென் டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பூர்வகுடி ஒதுக்கீட்டுப் பகுதியில் அரசு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் வாக்கர், ஓக்லாலா லக்கோட்டா முதியவர்களிடம் கேட்டு நிறைய எழுதி வைத்தார். அவர் எழுதியபடி, சடங்கு தெரிந்த ஒருவர் ஒரு பொருளுக்குள் ஆற்றலை இறக்கலாம். அதன்பின் அந்தப் பொருள் பொதியாகக் கட்டி வைக்கப்படும். முறை தெரிந்தவர் மட்டுமே பிரிப்பார். பொருளின் வடிவம் இதில் இரண்டாம் பட்சம். ஒரு கல்லுக்குள்ளும் அந்த ஆற்றல் இருக்கலாம், அழகாகச் செதுக்கிய மரம் வெறும் மரமாகவும் இருக்கலாம். சிற்பக் கூடத்தில் நிற்கும் சிலைக்கும் குடமுழுக்குக் கண்ட சிலைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு அடிப்படைச் செய்தி. சூ என்று நாம் சொல்வது ஓச்சேத்தி ஷாக்கோவின், அதாவது ஏழு சபைத் தீக்களின் (ஏழு பிரிவுகளின்) கூட்டமைப்பு. கிழக்கே மினசோட்டாவின் காடும் ஏரியும் சார்ந்த சான்டீ டகோட்டாக்கள், நடுவே யாங்க்டன் பிரிவினர், மேற்கே புல்வெளியில் லக்கோட்டாக்கள். மரத்தில் உருவம் செதுக்கும் வழக்கம் கிழக்கே வலுவாக இருந்தது. மேற்கே தோல், முள்ளம்பன்றி முள், பாசிமணி, கல் ஆகியவையே முன்னிற்கும். ஆகவே மனித வடிவ 'லக்கோட்டா மரச்சிலை' ஒரே கடையில் பத்து பன்னிரண்டு நின்றால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

மரவாசி உருவம்: வாங்கக் கூடாதது

டகோட்டா நம்பிக்கையில் சனோட்டினா என்பது மரத்தில் குடியிருக்கும் சிறு ஆவி. வேட்டைக்காரனுக்கு உதவும், வழி தவறவும் வைக்கும். 19ஆம் நூற்றாண்டில் டகோட்டாக்களிடையே வாழ்ந்த மிஷனரி கிடியன் பாண்ட் எழுதிய தெய்வங்களின் வரிசையில் இந்த மரவாசி இடம்பெறுகிறது. மருந்து நடனக் குழுவைச் சேர்ந்த சிலர் இதன் மர உருவத்தைத் தங்கள் பொதியில் வைத்திருந்தார்கள். வாபெட்டன் டகோட்டாக்களின் அத்தகைய பொதி ஒன்றைப் பற்றி ஆலன்சன் ஸ்கின்னர் 1925இல் நியூயார்க்கின் ஹே அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். அந்த அருங்காட்சியகத் தொகுப்பு 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ஸ்மித்சோனியனுக்குப் போய், இன்றைய அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகத்தின் அடித்தளமாயிற்று.

இவை எப்படி வெளியே வந்தன என்பதை நினைக்காமல் இவற்றைப் பற்றிப் பேச முடியாது. அமெரிக்கருக்கு எதிரான 1862 டகோட்டாப் போருக்குப் பின் டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். மீதிப் பேர் மினசோட்டாவிலிருந்து துரத்தப்பட்டு டகோட்டாப் பிரதேசம், நெப்ராஸ்கா, கனடா என்று சிதறினார்கள். 1883இல் வந்த 'இந்தியக் குற்ற விதிகள்' சடங்கு நடனங்களையும் மருத்துவச் சடங்கு செய்வோரையும் தண்டனைக்குரியவர்களாக்கின. அவர்கள் மதச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் சட்டம் 1978இல்தான் வந்தது. அந்த இடைக்காலத்தில் பசியாலும் பயத்தாலும் கைமாறிய பொருளை 'விற்றார்கள்' என்ற ஒற்றைச் சொல்லால் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 1990இல் வந்த நாக்ப்ரா எனப்படும் பூர்வகுடிக் கல்லறைப் பாதுகாப்பு, மீட்புச் சட்டம் இரண்டு சொற்களை வரையறுக்கிறது. இன்றும் சடங்குக்குத் தேவைப்படுவது 'புனிதப் பொருள்'. தனி ஒருவர் விற்க உரிமையில்லாமல் குழு முழுவதற்கும் சொந்தமானது 'பண்பாட்டு மரபுடைமை'. குடும்பத்தாரிடமே விலை கொடுத்து வாங்கினேன் என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. நவஹோ சடங்கு முகமூடிகளைச் சடங்கு செய்தவரின் மனைவியிடமிருந்து வாங்கிய ஒரு வியாபாரிக்குக் கிடைத்த தண்டனையை, பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் உறுதி செய்தது. 2022 டிசம்பரில் கையெழுத்தான 'ஸ்டாப்' சட்டம் இத்தகைய பொருள்களை அமெரிக்காவை விட்டு ஏற்றுமதி செய்வதையும் தடுக்கிறது. 2024 ஜனவரி 12 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, கூட்டரசு நிதி பெறும் அருங்காட்சியகங்களும் உரிய பழங்குடியின் ஒப்புதல் இல்லாமல் இவற்றைக் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ முடியாது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்த மாதமே இரண்டு கூடங்களை மூடியது. அவ்வளவு பெரிய நிறுவனமே திரை போட்டு மறைக்கிற பொருளை ஒருவர் தன் வரவேற்பறையில் வைக்க நினைப்பதில் நியாயமில்லை.

'வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடலாமே' என்று சிலர் கேட்பார்கள். அதற்கு முன்மாதிரி உண்டு. 2013 டிசம்பரில் பாரிஸ் ஏலத்தில் ஆனன்பர்க் அறக்கட்டளை 24 புனிதப் பொருள்களை வாங்கி ஹோப்பி, சான் கார்லோஸ் அப்பாச்சி மக்களிடம் சேர்த்தது. ஆனால் தனி ஆள் இப்படி ஏலம் கேட்டால் விலை ஏறும். அடுத்த பெட்டியைத் திறக்க இன்னொருவருக்கு ஆசை பிறக்கும். ஏலத்துக்கு முன்பே உரிய பழங்குடி அரசின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பட்டியல் எண்ணும் படமும் அனுப்புவது செலவில்லாதது, பெரும்பாலும் அதிகப் பலன் தருவது. டகோட்டா மரவாசி என்றால் லேக் டிராவர்ஸில் உள்ள சிசெட்டன்-வாபெட்டன் ஒயாட்டே, நெப்ராஸ்காவின் சான்டீ சூ, வட டகோட்டாவின் ஸ்பிரிட் லேக் ஆகியவை முதலில் கேட்க வேண்டிய இடங்கள். இந்த உருவம் வாரிசுச் சொத்தாக உங்கள் கைக்கே வந்திருந்தால் பொதியைப் பிரிக்காதீர்கள், துடைக்காதீர்கள், படமெடுத்து வெளியிடாதீர்கள். இருந்தபடியே ஒரு பெட்டியில் வைத்துவிட்டு அந்த அலுவலகத்தை அழையுங்கள்.

ஈயா தலை கொண்ட விருந்துக் கிண்ணம்: வாங்கலாம், ஆனால் கடினம்

கிழக்குச் சூ மக்களின் மரவேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மேப்பிள் அல்லது ஆஷ் மரத்தில் கட்டி போலப் புடைத்து வளரும் முண்டை வெட்டி எடுத்து, உட்புறத்தைத் தணலால் கருக்கி, கருகியதைச் சுரண்டி, மறுபடி கருக்கிக் குடைவார்கள். முண்டில் ரேகை சுழன்று ஓடுவதால் சாதாரணப் பலகை போல அது நீளவாக்கில் பிளக்காது. சூடான உணவையும் ஈரத்தையும் தாங்கும். விளிம்பில் ஒரு சிறு தலை, சிலவற்றில் எதிரெதிராக இரண்டு. கண்களுக்குப் பித்தளைக் குமிழ் ஆணி. அந்தத் தலை ஈயா, தின்று தீராத பெருந்தீனி ஆவி. மருந்து நடனக் குழுவின் விருந்தில் பரிமாறியதை மிச்சமில்லாமல் உண்ண வேண்டும் என்ற முறை இருந்தது. அதைத் தலை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது ஈயா.

மரவாசியைப் போல இது பொதிக்குள் கிடந்த உருவமன்று. பலர் நடுவே புழங்கிய பாத்திரம். எனவே பல கிண்ணங்கள் பழைய தொகுப்புகளில் வெளிப்படையாகவே இருக்கின்றன, விற்பனைக்கும் வருகின்றன. என்றாலும் சடங்கு விருந்தோடு இணைந்தது என்பதால் ஒவ்வொன்றின் கைமாறிய வரலாற்றையும் தனியாகக் கேட்க வேண்டும். 'ஒரு பழைய ஐரோப்பியத் தொகுப்பிலிருந்து' என்ற ஒரு வரி வரலாறு ஆகாது. யார், எந்த ஆண்டு, எந்த ஊரில் பெற்றார் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

போலிகள் பெரும்பாலும் ஒரே வழியில் செய்யப்படுகின்றன. குடியேறிய வெள்ளையர் வீட்டுப் பழைய முண்டுக் கிண்ணம் ஒன்றை எடுத்து, அதன் தடித்த விளிம்பில் தலை செதுக்கிவிடுவார்கள். மரம் பழையது, பயன்பாட்டுத் தேய்மானமும் உண்மையானது; தலை மட்டும் புதிது. முதலில் உட்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். வட்டவட்டமாக ஒரே மையத்தைச் சுற்றிக் கோடுகள் தெரிந்தால் அது கடைசல் இயந்திரத்தில் திருகிய கிண்ணம். பிறகு தலைக்கும் விளிம்புக்கும் இடையிலான குழிவைப் பாருங்கள். பல ஆண்டுகள் கைபட்ட எண்ணெய்ப் பூச்சு விளிம்பில் தொடர்ந்து ஓடி, தலையைச் சுற்றிச் சட்டென நின்றால் அங்கே பின்னாளில் உளி விழுந்திருக்கிறது. தலை தனித் துண்டாக ஒட்டியதா என்பதைச் சுழலும் ரேகை காட்டிக்கொடுக்கும். அது விளிம்பிலிருந்து தலைக்குள் அறுபடாமல் ஏற வேண்டும். குமிழ் ஆணிக்குச் சிறு காந்தம் போதும். பழைய வார்ப்புப் பித்தளை ஆணியில் தண்டும் பித்தளையே, காந்தம் ஒட்டாது. ஒட்டினால் தண்டு இரும்பு, ஆணி பிற்காலத்தது. ஆணியை மட்டும் யாராவது பிறகு மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் இந்தச் சோதனையைத் தனியாக நம்ப வேண்டாம்.

புகைக்குழாய்த் தண்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆமை, எருமை, காட்டாட்டின் தலைகள் வரிசையாகப் புடைத்து நிற்கும் ஆஷ் மரத்தண்டு கண்ணுக்கு அழகானது. ஆனால் தண்டும் மினசோட்டாவின் பைப்ஸ்டோன் சுரங்கத்துச் சிவப்புக் கல்லில் செய்த புகையிலைக் கிண்ணமும் சேரும்போது அது வழிபாட்டுப் பொருளாகிறது. வழிபாட்டுக் குழாயை விற்பதையும் வாங்குவதையும் லக்கோட்டாக்களில் பலர் கடுமையாக எதிர்க்கிறார்கள். 1993 ஜூன் 10 அன்று லக்கோட்டா ஆன்மிகத்தைச் சுரண்டுவோருக்கு எதிராக அவர்கள் வெளியிட்ட போர்ப் பிரகடனத்தின் கோபம் இத்தகைய வியாபாரத்தின் மீதுதான். இதைத் தவிர்த்துவிடுவதே மேல்.

குதிரைக் கோல்: பழையதா, புதியதா

போரில் தன்னைச் சுமந்து மாண்ட குதிரையை வீரன் மறப்பதில்லை. மரத்தில் அதன் தலையையும் கழுத்தையும் ஒரு முனையிலும், குளம்பை மறு முனையிலும் செதுக்கி, தோல் காது, குதிரைமயிர்ப் பிடரி, கடிவாளம் சேர்த்து, வெற்றி நடனத்தில் கையில் ஏந்தி ஆடுவான். குண்டு துளைத்த இடங்களுக்குச் சிவப்பு. தென் டகோட்டா மாநில வரலாற்றுச் சங்கம் தலைநகர் பியரில் வைத்திருக்கும் பாயும் குதிரை உருவம் இந்த வகையின் உச்சம். மேரி காலின்ஸ் என்ற மிஷனரியின் வழியாக வந்த அந்தக் குதிரையில் காயத் துளைகளிலிருந்து சிவப்பு வழிகிறது. நின்று பார்த்தால் உடல் முழுவதும் ஒரே பாய்ச்சலில் நீண்டு, வலியும் வேகமும் ஒரே கோட்டில் ஓடுவதை உணரலாம்.

தேர்வுக்கு உதவும் உண்மை ஒன்று ஜோசப் நோ டூ ஹார்ன்ஸ் வாழ்க்கையில் இருக்கிறது. ஸ்டாண்டிங் ராக்கைச் சேர்ந்த இந்த ஹங்க்பாப்பா லக்கோட்டா வீரர் 1852இல் பிறந்து 1942இல் மறைந்தார். 1876இல் அமெரிக்கப் படையோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் அவருடைய நீலச் சாம்பல் குதிரை ஏழு காயங்களோடு செத்தது. அந்த ஒரே குதிரைக்காக அவர் முதுமை வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கோல்கள் செதுக்கினார். ஒன்றைச் செதுக்கியதால் மற்றொன்றின் மதிப்புக் குறையவில்லை, ஏனென்றால் கோலின் வேலை நினைவை ஊர் நடுவே காட்டுவது. திரும்பச் செய்யலாம், புதிதாகவும் செய்யலாம். மரவாசி உருவத்துக்கு இது பொருந்தாது. குதிரைக் கோலுக்கு முழுக்கப் பொருந்தும். அதனால்தான் சூ மரச்சிற்பம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பவருக்கு நான் குதிரைக் கோலைச் சொல்கிறேன், அதுவும் இன்று வாழும் கலைஞரிடமிருந்து.

பழைய கோலில் என்ன சிக்கல்? முதலாவது இறகு. பொன்னிறக் கழுகு அல்லது வெண்தலைக் கழுகின் இறகு கட்டியிருந்தால் அந்தக் கோல் எவ்வளவு பழையதானாலும் அமெரிக்காவில் விற்க முடியாது. 1940ஆம் ஆண்டுக் கழுகுப் பாதுகாப்புச் சட்டம் 1962இல் பொன்னிறக் கழுகுக்கும் விரிந்தது. சட்டத்துக்கு முந்தைய இறகை வைத்திருக்கலாம், விற்கக் கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 1979இல் உறுதிப்படுத்தியது. விற்பவர் இறகைக் கழற்றிவிட்டுக் கோலை மட்டும் தருவதாகச் சொன்னால் பொருளும் சிதையும், வழக்கும் தீராது. பருந்து, ஆந்தை போன்றவற்றுக்கு 1918ஆம் ஆண்டு வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது நஞ்சு. பழைய அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் பூச்சிக்குப் பயந்து ஆர்செனிக், பாதரச உப்புகளைத் தோலிலும் மயிரிலும் மரத்திலும் தடவினார்கள். அவை எளிதில் நீங்குவதில்லை. பிடரி மயிரின் அடியிலோ தோல் மடிப்பிலோ வெண்பொடி தெரிந்தால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தெரியாவிட்டாலும் நைட்ரைல் கையுறையோடு தொடுவதே முறை. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி உள்ள பாதுகாப்பு ஆய்வகத்தில் சில நிமிடங்களில் சோதிக்கலாம். தாய்மண்ணுக்குத் திரும்பிய பொருள்களைச் சடங்கில் அணியவும் தொடவும் முடியாமல் போவதற்கும் இந்த நஞ்சே காரணமாகிறது.

மூன்றாவது போலி. கோலின் பிடி முழுவதும் ஒரே அளவு வழவழப்பாக இருந்தால் நம்பாதீர்கள். ஆடும்போது கை பிடிப்பது ஓரிடத்தில்தான். அங்கே வண்ணம் தேய்ந்து, இருபுறமும் தங்கியிருக்க வேண்டும். கத்தியின் தட்டையான வெட்டுத் தடங்களும் அரத்தின் இணைகோடுகளும் பழைய வேலையில் வரும். சிறுசிறு அரைவட்டமாக ஒரே ஆழத்தில் ஓடும் தடம் மின்கருவியுடையது. வெள்ளைப் பூச்சில் டைட்டேனியம் இருந்தால் அந்தப் பூச்சு 1916க்கு முந்தையதாக இருக்க முடியாது; மேலே சொன்ன அதே எக்ஸ்-கதிர்க் கருவி இதையும் சொல்லிவிடும். கார்பன் காலக்கணிப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கடந்த முந்நூறு ஆண்டுப் பொருள்களுக்கு அது தெளிவான விடை தராது. பழைய வேலிக் கம்பத்தில் நேற்றுச் செதுக்கினாலும் மரம் பழையது என்றே சொல்லும்.

புதிய கோலைச் செய்யச் சொல்லும்போது

இங்கே உங்கள் பணம் நேராகக் கலைஞர் கைக்குப் போகிறது, பொருளின் பிறப்பு வரலாறு உங்களிடமே இருக்கிறது. சூ ஃபால்ஸில் 1988இல் தொடங்கிய வடசமவெளி இந்தியர் கலைச் சந்தை, பைன் ரிட்ஜில் முன்பு ரெட் க்ளவுட் பள்ளி எனப்பட்ட மாஹ்பியா லூட்டாவின் மரபு மையம், சேம்பர்லினில் அக்டா லக்கோட்டா அருங்காட்சியகத்தின் கடை, ராப்பிட் சிட்டியின் சூ இந்தியன் அருங்காட்சியகம் ஆகியவை கலைஞர்களைத் தேடத் தொடங்க நல்ல இடங்கள். பாசிமணி, முள் வேலை, கணக்கேட்டுத் தாள் ஓவியம் செய்பவர்களைவிட மரம் செதுக்குபவர்கள் குறைவு. காத்திருக்கத் தயாராக இருங்கள்.

பேசும்போது முதலில் கேட்க வேண்டியது பெயரும் பழங்குடிப் பதிவும். 1990ஆம் ஆண்டு இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி, கூட்டரசோ மாநிலமோ ஏற்ற பழங்குடியின் உறுப்பினர் அல்லது அந்தப் பழங்குடி சான்றளித்த கைவினைஞர் செய்ததை மட்டுமே 'இந்தியர் செய்தது' என்று விற்கலாம். பொய் சொல்லும் தனி ஆளுக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நிறுவனத்துக்கு அபராதம் 10 லட்சம் டாலர் வரை. முறையான கலைஞர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்து மரம். ஆஷ் உறுதியானது, வளைந்தாலும் ஒடியாது. காட்டன்வுட் மென்மையானது, செதுக்க எளிது, ஆனால் சரியாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். 75 முதல் 90 சென்டிமீட்டர் நீளக் கோலுக்கு 4 அல்லது 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகை போதும். மரத்தின் நடுக்குருத்து பலகைக்குள் வரக் கூடாது. வந்தால் உலர்ந்த காற்றுள்ள முதல் குளிர்காலத்திலேயே அதிலிருந்து விரிசல் கிளம்பும். ரேகை கோலின் நீளத்தோடு ஓட வேண்டும். அப்படி ஓடும்போது, கழுத்தை விட்டு வளைந்து முன் நீளும் மூஞ்சியில் ரேகை குறுக்கே விழுகிறது. கோல் கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அங்கேதான். நல்ல கலைஞர் மூஞ்சியைக் கழுத்தோடு சற்று இணைத்தே தாழ்த்திச் செதுக்குவார். காதை மரத்தில் செதுக்காமல் தோலில் வெட்டிச் செருகுவதற்கும் இதுவே நடைமுறைக் காரணம். வேலைக்கு முன் மரத்தின் ஈரம் 8 முதல் 10 சதவீதம் வரை இறங்கியிருக்க வேண்டும். ஊசி முனை ஈரமானி எந்தத் தச்சுக் கடையிலும் கிடைக்கும். கேட்கத் தயங்க வேண்டாம்.

பிடரிக்குக் குதிரைமயிர் கட்டும் முறையைப் பாருங்கள். முதுகுக் கோட்டில் பள்ளம் வெட்டி வெறும் பசையால் ஒட்டியது சில ஆண்டுகளில் கொத்தாகக் கழன்றுவிடும். மயிரைச் சிறு கற்றைகளாக நரம்பாலோ நூலாலோ கட்டி, துளைகளில் செருகி, மர முளை அடித்தது நிற்கும். இறகு வேண்டுமென்றால் கழுகு போலச் சாயமிட்ட வான்கோழி இறகு. பழங்குடி உறுப்பினர்கள் கொலராடோவில் உள்ள தேசியக் கழுகுக் களஞ்சியத்திலிருந்து சட்டப்படி இறகு பெறலாம். அதை உங்களுக்கு அன்பளிப்பாகக்கூடத் தர முடியாது என்பதால், நட்பின் பேரில் கேட்டு அவரைச் சங்கடத்தில் ஆழ்த்த வேண்டாம்.

எந்தக் குதிரை, எத்தனை காயம் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அது அவர் குடும்பத்தின், அவர் மக்களின் நினைவு. அளவையும் நாளையும் பேசி, முன்பணம் கொடுத்து, உருவத்தை அவரிடமே விட்டுவிடுவதுதான் நல்ல கோலுக்கு வழி. நோ டூ ஹார்ன்ஸ் செய்ததை அச்சாகப் படியெடுத்துத் தரச் சொல்வதும் வேண்டாம்.

குழல்: இசை தெரிந்தவருக்கு

உருவம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் காதல் குழல் மிகவும் வசதியான தேர்வு. சிவப்பு சீடார் மரத்தை நீளவாக்கில் பிளந்து, இரு பாதியையும் குடைந்து, ஒட்டித் தோல் வாரால் கட்டுவார்கள். ஐந்து அல்லது ஆறு துளைகள். மேலே காற்றைத் திருப்பும் ஒரு சிறு கட்டை, பெரும்பாலும் விலங்கு வடிவில். சிலவற்றின் முனை வாய் திறந்த பறவைத் தலை. எல்க் மானின் காதல் ஆற்றலோடு லக்கோட்டாக்கள் இதை இணைத்துப் பேசுவார்கள். ஸ்டாண்டிங் ராக்கின் கெவின் லாக், 2022இல் மறையும் வரை இந்தக் குழலை உலகெங்கும் ஊதிக் காட்டினார். 1990இல் அவருக்குத் தேசிய மரபு விருது கிடைத்தது. ஊதக் கேட்பதற்காகவே செய்த பொருள் என்பதால் இதில் தயக்கமே தேவையில்லை. வாங்கும்போது நேரில் ஊதிப் பாருங்கள். பழைய முறையில் விரல் அளவு, கை அளவு வைத்துத் துளையிட்ட குழல் கிட்டாரோடும் கீபோர்டோடும் சுருதி சேராது. சேர வேண்டுமானால் சுருதி குறித்து விற்பதைக் கேளுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஊதினால் கட்டைக்குக் கீழே ஈரம் தேங்கி ஒலி அடைக்கும். கட்டையைக் கழற்றித் துடைத்து, அதே இடத்தில் பொருத்த ஒரு சிறு பென்சில் குறி வைத்துக்கொள்ளலாம்.

விட்டுவிட வேண்டியவை

'சூ டோட்டம் கம்பம்' என்று ஒன்று இல்லை. டோட்டம் கம்பங்கள் பசிபிக் வடமேற்குக் கரையின் ஹைடா, டிலிங்கிட் முதலியோருடையவை. 'சூ கச்சினா பொம்மை'யும் இல்லை. அது அரிசோனாவின் ஹோப்பி மக்களுடையது. பிசின் வார்ப்பின் இணைப்புக் கோடு, பிளாஸ்டிக் மணி, முயல் தோல், தேநீரிலோ காலணி மெருகிலோ ஏற்றிய பழுப்பு நிறம், 'சூ பாணி', 'இந்தியத் தாக்கம்' போன்ற நழுவும் சொற்கள் ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் நகர்ந்துவிடுங்கள். பெயரும் பழங்குடியும் சொல்லாமல் 'ஒரு லக்கோட்டா முதியவர் செய்தது' என்று மட்டும் சொன்னால் அதற்கும் அதே பதில்தான்.

தானே செதுக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் குதிரைத் தலையைப் பயிற்சிக்காகச் செதுக்கலாம். மரவாசியைச் செதுக்குவது வேண்டாம். செதுக்கிய கோலைப் பவ்வாவுக்கு (பூர்வகுடியினர் கூடி ஆடும் விழாவுக்கு) எடுத்துப்போய் ஏந்துவதும், சூ வேலை என்று பெயரிட்டு விற்பதும் கூடாது.

யாருக்கு எது என்று கேட்டால் என் முடிவு இதுதான். வீட்டில் வைத்துப் போற்ற ஒரே ஒரு பொருள் வேண்டுவோருக்குப் புதிய குதிரைக் கோல். வாசிக்கத் தெரிந்தவருக்கு, அல்லது குறைந்த செலவில் தொடங்குபவருக்குக் குழல். பழம்பொருள் அனுபவமும், ஆய்வகச் செலவுக்குப் பணமும், ஆவணம் இல்லையென்றால் கைவிடும் மன உறுதியும் உள்ளவருக்கு மட்டும் ஈயா கிண்ணம். பள்ளிக்கோ நூலகத்துக்கோ காட்சி அமைப்பவர்கள் பழம்பொருளைத் தேடவே வேண்டாம். புதிய கோல் ஒன்றும், கலைஞரின் பெயரும் பழங்குடியும் ஆண்டும் எழுதிய அட்டையும் போதும். மரவாசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எழுத்தில் சொல்லலாம், படம் தேவையில்லை.

வாங்கியதும் செய்ய வேண்டியவை சில. ரசீதில் கலைஞர் பெயர், பழங்குடி, ஆண்டு, மரம், ஒவ்வோர் இறகும் எந்தப் பறவையுடையது என்பதை எழுதி வாங்குங்கள். அமெரிக்காவை விட்டு எடுத்துச் செல்லும்போது சுங்கத்தில் கேட்பது முதலில் இறகைப் பற்றித்தான். 'வான்கோழி இறகு, சாயமிட்டது' என்ற கையெழுத்திட்ட வரி இல்லாவிட்டால் கோல் அங்கேயே தங்கிவிடலாம். வீட்டில் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக இருப்பது நல்லது. வெயில் படும் சுவரிலும் குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் மாட்ட வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை பிடரி மயிரைப் பிரித்துப் பாருங்கள். அடியில் புழு உரித்த உமி போன்ற தோல் கிடந்தால் கம்பள வண்டு வந்திருக்கிறது. கோலைப் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த மரத்தின் மேல் நீர் படிந்து சிவப்பு வண்ணம் கரையும்.